பூஜைக்கு முந்தின நாள் மூடிய இன்ஜின்

எனக்குப் பயம் வந்தால் அது பயமாக வெளியே வராது. கோபமாகத்தான் வரும். பாத்திரம் உருளும், கதவு அறையும், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத் திட்டு விழும். கல்யாணமான புதிதிலேயே என் கணவருக்கு இது பழகிவிட்டது. நான் கத்த ஆரம்பித்ததும், "சரி, நர்ஸ் சிஸ்டருக்கு மூடு சரியில்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் எதைப் பார்த்துப் பயந்தேன் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், வண்டி மெக்கானிக்கிடமிருந்து திரும்பி வந்தபோதும் இப்படித்தான் நடந்தது.

அது பழைய பைக். என் கணவர் தினமும் அதில்தான் நஞ்சன்கூட்டில் இருக்கும் ஃபாக்டரிக்குப் போய்வருவார். கொஞ்ச நாளாகவே இன்ஜினுக்குள் டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது போல ஒரு கலகலப்பு. மைசூரில் பன்னிமண்டபத்துக்குப் பின்னால், எங்கள் தெருமுனையிலேயே மெக்கானிக் கடை இருக்கிறது. கடைக்காரர் கொள்ளேகால் பக்கத்து ஆள். நல்ல கை, மரியாதையான வாய். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, அதன் பிடியைத் தன் காதில் ஒட்டிக் கேட்டுவிட்டு, டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்று சொன்னார்.

அது என்ன செயின் என்று நான் கேட்டதற்கு, கையாலேயே காட்டினார். ஒரு கையை முஷ்டியாக்கி மேலும் கீழும் ஆட்டினார்: இது பிஸ்டன். இன்னொரு கையின் இரண்டு விரல்களை அதற்கு மேலே தொங்கவிட்டார்: இவை வால்வுகள். பிஸ்டன் மேலே வரும்போது விரல்கள் மடங்கிக்கொள்ள வேண்டும். அது இறங்கும்போது நீள வேண்டும். இந்த முறையைக் காப்பாற்றுவது உள்ளே ஓடும் ஒரு சின்னச் சங்கிலி. "மொறை தப்புச்சுன்னா ரெண்டும் இடிச்சுக்குமுங்க அக்கா" என்று முஷ்டியை விரல்களில் இடித்துக் காட்டினார். எனக்கு அந்த இடிதான் மனதில் நின்றது.

வண்டி சில நாள் கடையில் திறந்தபடி கிடந்தது. புதுச் செயின் பெங்களூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தது, பார்த்தால், பூஜைக்கு முந்தின நாள். மைசூரில் அன்றைக்கு மெக்கானிக் கடைகளைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றுவிடும். பூஜை அன்று வண்டி அவரவர் வாசலில் நிற்க வேண்டும், கழுவி, பூப் போட்டு. கடையில் அநாதையாக நிற்கக்கூடாது. அதனால் விட்ட வண்டியெல்லாம் பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்று ஊரே வந்து நிற்கும். பொழுது சாய்ந்ததும் மெக்கானிக் தன் ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பூஜைக்கு வைத்துவிடுவார். அப்புறம் விஜயதசமி முடிந்து எடுக்கும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. அந்த அவசரத்தில்தான் எங்கள் இன்ஜினும் மூடப்பட்டது.

வண்டி வாசலில் வந்து நின்றபோது நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பழைய கலகலப்பு இல்லை. ஆனால் என் கணவர் ஆக்ஸிலேட்டரை விட்ட நொடியில் வேறு ஒன்று கேட்டது. உள்ளே யாரோ ஒரு முறை கதவைத் தட்டிவிட்டு மறைந்துகொண்டது போல.

"என்னங்க அது, புதுச் சத்தம்?"

"எது?"

"விட்டு விட்டு வருதே, அது."

"இன்ஜினத் தெறந்து மூடுனா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். புதுச் செயின், செட்டாகணும்ல?"

"முன்னாடி கலகலன்னு இருந்துச்சு. இது ணங்குன்னு கேக்குது."

"உனக்குக் குக்கர் விசிலடிச்சாலே ஆம்புலன்ஸ் மாதிரிதான் கேக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

பழமொழி சொன்னால் விவாதம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர் அவர். நான் கட்டில் மேல் அவர் போட்டிருந்த ஈரத் துண்டைப் பற்றிக் கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் ஏன் இப்படி அரண்டு போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ். பல வருடமாக விபத்துப் பிரிவில் வேலை. மற்றவர்களுக்கு பைக் என்றால் வாசலில் நிற்கும் வண்டி. எனக்கு அது ஸ்ட்ரெச்சரில் உருட்டிக்கொண்டு வரப்படுவது. ஒரு முறை ரிங் ரோட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நான் அவர் சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பிரேக்கே போடல சிஸ்டர். இன்ஜின் ஜாமாயி, வண்டி தானா நின்னுடுச்சு." இன்ஜின் சிக்கிக்கொண்டால், வேகமாகப் போகிற வண்டியின் பின் சக்கரம் தானாக இறுகிக்கொள்ளும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் பிழைத்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் காலை என் கணவருக்குப் பின்னால் உட்காரப் போகிறவள் எங்கள் மகள்.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஃபாக்டரிக்குள் வீட்டு ஆட்களை விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரியும் இனிப்பும் கொடுப்பார்கள். ஊழியர்களின் வண்டிகளையும் வரிசையாக நிறுத்திப் பூஜை போடுவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், வீட்டில் பூஜை கிடையாது. ஆனால் வரிசையில் தன் வண்டி மட்டும் இல்லாமல் இருப்பது என் கணவருக்குப் பிடிக்காது. "பூப் போட்டா வண்டி மதம் மாறிடாது" என்பார். மகளுக்கு அப்பா நிற்கிற மெஷினைப் பார்க்க வேண்டும். எனக்கு மத்தியான டூட்டி. அதனால் அப்பாவும் பெண்ணும் மட்டும் போவதாக ஏற்பாடு.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் ஓடவிட்டிருந்தார். நான் பொறுக்க முடியாமல் உள்ளே போய் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்தேன். குந்தி உட்கார்ந்து இன்ஜினின் பக்கவாட்டு மூடியில் வைத்தேன். முதலில் காது கிழிந்துவிடும் போல இருந்தது. கொஞ்சம் பழகியதும் உள்ளே இருப்பவை தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன. கீழே கனமாக ஒரு துடிப்பு. மேலே மெல்லியதாக ஒரு டக்டக். அந்த டக்டக்குக்கு நடுவே, ஒழுங்கில்லாமல், ஒரு ணங். அவரை ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடச் சொன்னேன். முறுக்கும்போது அது இல்லை, விடும்போது வந்தது. தாளம் தப்பும் நெஞ்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சத்தம் பெரிதா சிறிதா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

"அப்பா, நோடு, இங்க பாரு, அம்மா வண்டிக்கு ஹார்ட் செக்கப் பண்றா!" மகள் விழுந்து விழுந்து சிரித்தபடி என் போனில் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பி.பி. எவ்வளவு சிஸ்டர்? டிஸ்சார்ஜ் பண்ணலாமா?" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும் பஸ்ல போங்க. நஞ்சன்கூட்டுக்குத்தான் அவ்வளவு பஸ் இருக்கே" என்றேன்.

"பஸ்ஸுக்கா பூஜை போடப் போறேன்? சும்மா இரு."

எனக்கு அப்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் சொன்னதோ மகளின் பின்னல் சரியில்லை, சாக்ஸ் அழுக்கு, ஒரு வேலை ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை என்பதெல்லாம். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தெரு திரும்புமுன் ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ணங் இன்னொரு முறை கேட்டது; அப்புறம் வண்டி போய்விட்டது.

பாத்திரம் கழுவும்போது மனம் கேட்கவில்லை. அவள் சிரிப்பைப் பார்க்கலாம் என்று வீடியோவைப் போட்டேன். ஆனால் சிரிப்பு என் காதில் ஏறவில்லை. போனில் கேட்கும்போது அந்தச் சத்தம் நேரில் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. ஈரக்கையோடு தெருமுனைக்கு ஓடினேன்.

கடை கோயில் மாதிரி இருந்தது. ஆயில் கறையெல்லாம் தேய்த்துக் கழுவிய தரை. சிவப்புத் துணியில் வரிசையாக ஸ்பேனர்கள், ஒவ்வொன்றிலும் விபூதியும் குங்குமமும். நடுவில் அந்த நீள ஸ்க்ரூ டிரைவர், அதற்குத் தனியாக ஒரு சாமந்திப் பூ. மெக்கானிக் வெள்ளைச் சட்டை போட்டு, ஈரத் தலையோடு நின்றிருந்தார். அவர் மனைவி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, பிரசாதம் எடுத்துக்குங்க."

"நீங்க மூடிக் குடுத்த வண்டியில சத்தம் வருது."

"புதுச் செயினுங்க அக்கா, ரெண்டு நாள் ஓடட்டும். எப்படியும் இன்னைக்கு ஸ்பேனரத் தொட மாட்டனுங்க. சாமிகிட்ட வெச்சாச்சு. எடுத்ததும் மொதோ வண்டி உங்களுதுதான்."

நான் போனை நீட்டினேன். அவர் சிரித்தபடிதான் வாங்கினார். ஸ்டெதாஸ்கோப்போடு நான் குந்தியிருப்பதைப் பார்த்து இன்னும் சிரித்தார். பிறகு போனைக் காதில் ஒட்டிக்கொண்டார். ஒரு தடவை கேட்டார். பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்டார். சிரிப்பு எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தபோது அவர் முகத்தில் அது இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் சொந்தக்காரர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்க மாட்டார்கள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று நானும் அப்படித்தான் நின்றேன்.

"அக்கா, வால்வு மேல தட்டற டேப்பெட் சத்தம்னா ஒரே தாளமா வருமுங்க. இது ஆக்ஸிலேட்டர் விடறப்போ மட்டும் வருது. செயின் தளந்து அடிக்குது." அவர் தன் விரல்களையே பார்த்தார். "செயின இறுக்கிப் புடிக்கிறதுக்கு ஒரு டென்ஷனர் இருக்குதுங்க. அதோட போல்ட்டக் கையால திருகி வெச்சேன். ஸ்பேனர் போட்டு இறுக்கறதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க. அப்புறம்... இறுக்குனனான்னு நாபகம் இல்லீங்க. எப்பவும் மூடறதுக்கு முன்னால இன்ஜினக் கையால ரெண்டு சுத்து சுத்தி, செயின் மொறையா நிக்குதான்னு மார்க் பாப்பேன். நேத்து பாக்கல."

"பாக்கலன்னா?"

"வண்டி எங்கீங்க?"

"நஞ்சன்கூடு ரோட்டுல. பின்னால என் பொண்ணு இருக்கா."

அவர் மனைவி விளக்கை விட்டு எழுந்து வந்தார். மெக்கானிக் சொன்னார்: "போன் போடுங்க. ஓரங்கட்டச் சொல்லுங்க. இப்பவே."

போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். என் கணவர் ஒழுக்கசீலர். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே மாட்டார். அதைச் சைலண்டில் வைத்து, பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். இத்தனை வருஷமும் இதற்காக அவரைப் பாராட்டியவள் நான்தான்.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். ஸ்பேனருக்குப் பூ வைக்கத் தெரிகிறது, இறுக்கத் தெரியவில்லையா என்றேன். உன் சாமி என் பிள்ளையை என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பூஜை நாளில் அவர் மனைவி முன்னால் நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. மெக்கானிக் வாசலில் மாலை போட்டு நின்ற தன் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். பிறகு சிவப்புத் துணியைத் திரும்பிப் பார்த்துத் தயங்கினார்.

"அக்கா, உங்க வீட்டுல ஸ்பேனர் இருக்குதுங்களா?"

"இவரு பழைய பையி ஒண்ணு மாடிப்படிக்குக் கீழ கெடக்கு."

"நீங்க பூஜைக்கு வெக்கறதில்ல இல்லீங்க?"

"இல்ல."

"அப்ப அது சாமிகிட்ட இல்ல. அதக் கொண்டாங்க."

பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் எனக்குப் பதிலாக நிற்கச் சொல்லி வார்டுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். அதில் எத்தனை எழுத்துப் பிழை இருந்ததோ தெரியாது.

ஆயுத பூஜை காலையில் எங்கள் ஊர்ச் சாலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி, பஸ், ஆட்டோ எல்லாவற்றுக்கும் முன்னால் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். வெள்ளைப் பூசணியைக் குடைந்து உள்ளே குங்குமத்தைக் கொட்டி, அடித்து உடைப்பார்கள். தார் ரோட்டில் வெள்ளைச் சதையும் சிவப்புத் தண்ணீருமாகச் சிதறிக் கிடக்கும். வருஷா வருஷம் அதில் சறுக்கி விழுந்தவர்களும் எங்கள் வார்டுக்கு வருவார்கள். அன்றைக்கு நஞ்சன்கூடு ரோடு முழுக்க, கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக, அந்தச் சிவப்பு கிடந்தது. ஒவ்வொன்றும் தூரத்தில் தெரியும்போது நான் செத்தேன். கிட்டப் போய் அது பூசணிக்காய்தான் என்று தெரிந்ததும் உயிர் வந்தது. அடுத்தது தெரியும்வரைதான் அந்த உயிரும்.

விமான நிலையம் தாண்டி ஓரிடத்தில் கூட்டம் கூடி நின்றது. ஒரு லாரி குறுக்காக நின்றிருந்தது. கீழே சிவப்பு. மெக்கானிக் வேகத்தைக் குறைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலையில் நான் கண்ணை மூடியதே கிடையாது. எவ்வளவு மோசமாக வந்தாலும் பார்த்துவிடுவேன், பார்த்தால்தான் கை வேலை செய்யும். அன்று முடியவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

"பூசணிக்காயிங்க அக்கா" என்றார் மெக்கானிக். "லாரிக்குப் பூஜ போடறாங்க."

நான் திரும்பத் திரும்பப் போட்ட போன் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லாமல்.

கடகோளா தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு இளநீர்க் கடை. அதன் நிழலில் எங்கள் வண்டி நின்றிருந்தது, ஸ்டாண்டில், நேராக. என் கணவர் வியர்க்க வியர்க்கக் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தார். மகள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மைல் கல்லின் மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டர் நிற்பதற்குள் இறங்கி விழப் பார்த்தேன். ஓடிப்போய், கையிலிருந்த ஸ்பேனர் பையாலேயே என் கணவரின் முதுகில் ஒரு போடு போட்டேன். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு, ரோடு என்றும் பாராமல் அழுதேன்.

"அய்யோ, என்னாச்சு உனக்கு? நீ எங்க இங்க?" என்று அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "இவளுக்குத் திடீர்னு வயித்து வலின்னா. சரின்னு ஓரங்கட்டுனேன். ஆக்ஸிலேட்டர விட்டு ஸ்லோ பண்றேன், உள்ள பெரிசா ஒரு சத்தம். அப்படியே ஆஃபாயிடுச்சு. அதோட சரி, என்ன உதைச்சும் எடுக்கல."

மெக்கானிக் கிக்கரைக் காலால் உதைக்கவில்லை. கையால் அழுத்தினார். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கீழே போய் வந்தது. உயிரில்லாத கையைத் தூக்கிவிட்டால் விழுமே, அப்படி. "கம்ப்ரஷன் இல்லீங்க, உள்ள அழுத்தமே இல்ல" என்றார்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கையாலேயே மெதுவாகத் திருப்பி, உள்ளே தெரிந்த ஒரு கோட்டை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு மேல் மூடியைத் திறந்தார். மேலே ஒரு பல் சக்கரம். அதிலும் ஒரு கோடு. கீழே கோடு அதன் இடத்தில் இருந்தால், இந்தக் கோடு தரைக்குச் சமமாகப் படுத்திருக்க வேண்டுமாம். அது சாய்ந்து நின்றது. செயின் தொளதொளவென்று தொங்கியது. டென்ஷனர் போல்ட்டை அவர் இரண்டு விரலால் தொட்டார். ஸ்பேனர் தேவைப்படவே இல்லை. அது விரலோடேயே சுற்றியது.

"செயின் பல்லுத் தாண்டிருச்சுங்க" என்றார். "நான் பண்ணுனதுங்க."

என் கணவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தச் சாய்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஸ்லோ பண்ணும்போது ஆனதால தப்பிச்சோம். வேகத்துல ஆகியிருந்தா?" என்று கேட்டார்.

மெக்கானிக் என் மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வால்வு தலை ஒடிஞ்சு உள்ள விழுமுங்க. பிஸ்டன் அதுல சிக்கிக்கும். பின்னாடி வீலு அப்படியே புடிச்சுக்கும்."

பிரேக்கே போடல சிஸ்டர் என்று அந்த மனிதர் சொன்னது எனக்குக் கேட்டது. நான் ரோட்டைப் பார்த்தேன். லாரிகள் மாலையும் வாழைக்கன்றுமாக ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அன்றைக்கு வண்டி ஒரு கூட்ஸ் ஆட்டோவில் திரும்பியது. பதறிய காரியம் சிதறும் என்பார்கள், நேரில் பார்த்தேன். பூஜை முடிந்து ஸ்பேனர்களை எடுத்ததும், சொன்னபடி முதலில் எங்கள் வண்டியைத்தான் திறந்தார். பிஸ்டனின் தலையில் நகத்தால் கீறியது போல ஒரு பிறை. அதற்கு நேர் மேலே இருந்த வால்வு நெளிந்திருந்தது. காம்பு நீண்ட காளான் மாதிரி ஒரு பொருள். பார்த்தால் நேராகத்தான் தெரியும். மெக்கானிக் அதைக் கண்ணாடித் தட்டில் உருட்டிக் காட்டினார். தலை ஆடி ஆடிப் போயிற்று. என் மகள் அதைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகு, அவள் அதைச் சமையலறைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அன்னைக்கு எனக்கு வயித்து வலியே இல்ல."

நான் நிமிர்ந்தேன்.

"அந்தச் சத்தம் நீ சொன்ன மாதிரியே வந்துச்சு. அப்புறம் கிட்டக் கிட்ட வர ஆரம்பிச்சுச்சு. எனக்கு ரொம்பப் பயமாயிடுச்சு. பயமா இருக்குன்னா அப்பா நிறுத்த மாட்டாரு, சிரிப்பாரு. அதான் வயித்து வலின்னேன்."

அவள் மறுபடியும் உருட்டினாள். வால்வு தள்ளாடிக்கொண்டு போய் கேஸ் சிலிண்டரின் அடியில் இடித்து நின்றது. ஈரத் துண்டு, அழுக்கு சாக்ஸ் என்று நான் எத்தனை வருஷமாகச் செய்துவந்தேனோ அதையேதான் என் பெண்ணும் செய்திருக்கிறாள். என்ன, அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் சொன்ன பொய்க்கு வண்டி நின்றது. நான் கத்தியதற்கு நிற்கவில்லை. இதை நான் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. மெக்கானிக் அதை என் கண் முன்னால், கையால் இரண்டு சுற்று சுற்றி, என்னையும் மார்க்கைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மூடினார். போன வாரம் ஒரு காலை, மகளை ஸ்கூலில் விட என் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சீராக, ஒரே தாளமாக ஓடியது. நான் எவ்வளவு உற்றுக் கேட்டும் எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் மகள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அந்த ணங் எனக்குள் கேட்டது. அவள் பின்னலைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "எதப் பாத்து?" என்று கேட்டார்.